சீட்டுக்கு அடியில் ஓர் உயிர்!

குருவி என்றால் எல்லோருக்கும் பறவைதான் ஞாபகம் வரும். சென்னை பர்மா பஜார் பக்கம் போய்க் கேட்டால் வேறு அர்த்தம் சொல்வார்கள். சிங்கப்பூர், மலேசியா என்று விமானத்தில் போய், அங்கே ஏஜென்ட் கொடுக்கும் பொருளைத் தன் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து சேர்ப்பவருக்குப் பெயர் 'குருவி'. டிக்கெட் செலவு போக, கையில் கொஞ்சம் காசு. சுங்க அதிகாரிகளின் கண்ணில் படாமல் வந்தால் லாபம். பட்டால் பொருளும் போச்சு, மானமும் போச்சு. 2008-ல் விஜய் நடித்த படத்துக்கே 'குருவி' என்று பெயர் வைக்கிற அளவுக்கு ஊரறிந்த தொழில் இது.

இதே வேலையை ஒளிவு மறைவு இல்லாமல், பில் போட்டு, சுங்க அதிகாரியிடம் தானே போய்ச் சொல்லி, வரி கட்டிச் செய்தால்? அதற்குப் பெயர் 'ஆன்போர்டு கூரியர்'. உலகம் முழுக்க இதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. சாதாரண பயணிபோல நம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், ஒரு தொழிற்சாலையின் மூச்சையோ, ஒரு மனிதரின் மூச்சையோ கையில் வைத்திருக்கக்கூடும். நமக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அவருக்கும் வசதி.

பார்சலில் அனுப்பினால் ஆகாதா?

நியாயமான கேள்வி. விமானத்தில்தானே எல்லா கூரியரும் போகிறது? எதற்கு ஓர் ஆளுக்கு டிக்கெட் போட்டு அனுப்ப வேண்டும்?

விஷயம் விமானத்தின் வேகத்தில் இல்லை. தரையில் ஆகும் தாமதத்தில் இருக்கிறது. ஒரு பொருளை சரக்காக அனுப்பினால், விமானம் கிளம்பப் பல மணி நேரம் முன்பே சரக்குக் கிடங்கில் ஒப்படைக்க வேண்டும். அங்கே சோதனை, எடை, ஆவணம், அடுக்குதல் எல்லாம் நடக்கும். இடம் இல்லை என்றால் அடுத்த விமானம். இறங்கிய பிறகும் கிடங்குக்குப் போய், வரிசையில் நின்று, சுங்க அனுமதி வாங்கி வெளியே வர வேண்டும். நடுவில் சனி, ஞாயிறு வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

பயணியின் பெட்டிக்கு இந்தச் சுற்று எதுவும் இல்லை. வெளிநாட்டு விமானத்துக்குப் பொதுவாகக் கிளம்ப ஒரு மணி நேரம் முன்புவரை செக்-இன் செய்யலாம். ஆள் ஏறும் விமானத்தில் பெட்டியும் ஏறும். ஆள் இறங்கும்போது பெட்டியும் இறங்கும். வழியில் விமானம் ரத்தானால், பார்சல் கிடங்கில் படுத்துக் கிடக்கும். ஆளோ, உடனே வேறு கவுன்டருக்கு ஓடி, வேறு டிக்கெட் வாங்கி, வேறு வழியாகப் போய்ச் சேருவார். இந்தச் சேவைக்குக் கொடுக்கும் காசில் பெரும்பகுதி, நெருக்கடியில் யோசித்து முடிவெடுக்கும் அந்தத் தலைக்குத்தான்.

கப்பலை முந்திய காகிதம்

1969-ல் அமெரிக்காவில் மூன்று பேர் ஒரு யோசனை செய்தார்கள். ஏட்ரியன் டால்சி, லேரி ஹில்புளோம், ராபர்ட் லின். சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்து ஹவாய் தீவின் ஹொனலுலு துறைமுகத்துக்குக் கப்பலில் சரக்கு போகும். கப்பல் போய்ச் சேர்ந்து, அதன் பிறகு காகிதங்களைப் பார்த்து, அதன் பிறகுதான் சுங்க அனுமதி. அதுவரை கப்பல் சும்மா நிற்கும். 'காகிதத்தை மட்டும் விமானத்தில் முன்கூட்டியே எடுத்துப் போனால், கப்பல் வருவதற்குள் வேலை முடிந்துவிடுமே' என்று தோன்றியது. ஆரம்பத்தில் அவர்களே காகிதப் பையுடன் விமானம் ஏறினார்கள். மூவரின் பெயரின் முதல் எழுத்துகள் சேர்ந்ததுதான் டி.எச்.எல்.

எண்பதுகளில் இது ஒரு சுற்றுலா வழியாகவே மாறியது. மேல்நாடுகளில் கூரியர் நிறுவனங்கள் குறைந்த விலைக்கு விமான டிக்கெட் தரும். பதிலுக்குப் பயணி தன் லக்கேஜ் அளவை நிறுவனத்துக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். கைப்பையோடு மட்டும் ஊர் சுற்றத் தயாராக இருந்த இளைஞர்களும் ஆசிரியர்களும் இப்படிப் பல நாடுகளைப் பார்த்தார்கள். பிறகு ஃபேக்ஸ் வந்தது, மின்னஞ்சல் வந்தது. காகிதம் சுமக்கும் தேவை குறைந்தது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு பாதுகாப்புச் சோதனைகளும் இறுகின. அந்தக் காலம் முடிந்தது.

ஆனால், மின்னஞ்சலில் அனுப்ப முடியாத பொருள்கள் இருந்துகொண்டேதான் இருக்கின்றன.

இரவு இரண்டு மணிக்கு ஒரு போன்

ஓர் உதாரணத்துக்கு, ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலை என்று வைத்துக்கொள்வோம். இந்தக் காலத் தொழிற்சாலைகள் உதிரி பாகங்களை மாதக்கணக்கில் வாங்கிக் குவித்து வைப்பதில்லை. தேவைப்படும் நேரத்துக்குத் தேவையான அளவு வந்து சேரும்படிதான் ஏற்பாடு. இடமும் முதலீடும் மிச்சம். ஆனால், ஒரே ஒரு சின்ன சென்ஸார் வராமல் போனால் மொத்த வரிசையும் நிற்கும். சில ஆயிரம் ரூபாய் பொருளுக்காக, நிமிடத்துக்கு நிமிடம் நஷ்டம் ஏறும்.

அந்த சென்ஸார் ஜெர்மனியில் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு கூரியர் நிறுவனத்துக்கு போன் போகிறது. இவர்களுக்கு ராத்திரி, ஞாயிறு, தீபாவளி எதுவும் கிடையாது.

மேஜையில் இருப்பவர் முதலில் கேட்பது நான்கு விஷயங்கள். பொருள் என்ன? எடை, அளவு எவ்வளவு? எங்கே இருக்கிறது? எத்தனை மணிக்குள் வேண்டும்? அடுத்த சில நிமிடங்களில் விமானங்களை அலசி இரண்டு, மூன்று வழிகள் சொல்வார். பொருள் இருக்கும் ஊரிலேயே, அல்லது பக்கத்திலேயே, செல்லுபடியாகும் விசாவோடு பெட்டி கட்டித் தயாராக இருக்கும் ஆள் யார் என்று தேடுவார். இந்தத் தொழிலில் நல்ல பாஸ்போர்ட்டும் பல நாட்டு விசாவும்தான் முதல் தகுதி.

ஒருவர் தொழிற்சாலைக்குக் காரில் போய்ப் பொருளை எடுப்பார். கையோடு விலைப்பட்டியல், பொருள் விவரம், சுங்கக் காகிதங்கள். பொருள் சின்னதென்றால் கைப்பையில். பெரியதென்றால் செக்-இன் பெட்டியில். ஒரு பெட்டி 32 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்பது விமான நிலையங்களின் பொதுவான வரம்பு. தூக்கி வைக்கும் தொழிலாளியின் முதுகும் முக்கியம் அல்லவா? அதனால் நூறு கிலோ என்றால் நாலைந்து பெட்டியாகப் பிரிப்பார்கள். அதற்கும் மேல் போனால் ஒரே விமானத்தில் இரண்டு, மூன்று ஆட்களை ஏற்றுவதும் உண்டு.

பிராங்ஃபர்ட்டிலிருந்து சென்னைக்கு நேரடி விமானத்தில் சுமார் பத்து மணி நேரம். இறங்கியதும் எல்லோரும் பச்சை வழியில் வெளியேற, இவர் மட்டும் சிவப்பு வழிக்குப் போவார். "என்னிடம் வியாபாரப் பொருள் இருக்கிறது" என்று தானே அறிவிப்பார். நிறுவனத்தின் சுங்க முகவர் காகிதங்களோடு காத்திருப்பார். வரி கட்டி, முத்திரை வாங்கி, வெளியே நிற்கும் காரில் பொருளை ஏற்றி, தொழிற்சாலை வாசலில் கையெழுத்து வாங்கினால்தான் வேலை முடிந்தது. பிறகு அவர் ஓட்டலில் தூங்கலாம். அல்லது அடுத்த விமானத்திலேயே திரும்பலாம். பாரிஸும் டோக்கியோவும் போய் வந்தவர்தான். பார்த்ததெல்லாம் விமான நிலையத்தின் கார்பெட் மட்டும்!

குருவிக்கும் கூரியருக்கும் உள்ள வித்தியாசம் அந்தச் சிவப்பு வழிதான்.

எவ்வளவு அவசரமானாலும் ஏறாது

காசு கொடுத்தால் எதையும் தூக்கிக்கொண்டு போகலாம் என்று நினைக்க வேண்டாம். பயணிகள் விமானத்தில் ஆபத்தான பொருளுக்கு இடமில்லை. கார் ஏர்பேக்கை விரியவைக்கும் கருவி சின்னதுதான். ஆனால், உள்ளே வெடிக்கும் தன்மையுள்ள ரசாயனம் இருப்பதால் பயணியின் பெட்டியில் அனுமதி இல்லை. பெட்ரோல் வாசம் மிச்சமிருக்கும் பழைய இன்ஜின் பாகமும் போகாது. லித்தியம் பேட்டரி 160 வாட்-அவர் அளவுக்கு மேல் இருந்தால் முடியாது என்று சொல்லிவிடுவார்கள். இந்த விதிகளை நன்றாகத் தெரிந்து வைத்துக்கொண்டு, 'இதை எடுக்க முடியாது' என்று போனிலேயே சொல்லும் நிறுவனம்தான் நல்ல நிறுவனம்.

72 மணி நேரம்

சென்ஸார் தாமதமானால் பணம்தான் போகும். பணம் பிறகு வரும். வேறு ஒரு பெட்டி இருக்கிறது. அது தாமதமானால் போவது திரும்ப வராது. ரத்த ஸ்டெம் செல் பெட்டி.

ரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்ற நோய்களில் சிலருக்கு ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைதான் வழி. இதற்கு ரத்த குரூப் பொருந்தினால் போதாது. எச்.எல்.ஏ என்ற திசு அடையாளம் பொருந்த வேண்டும். ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்தவர்களிடையே முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு 25 சதவிகிதம். வீட்டில் கிடைக்காவிட்டால், முன்பின் தெரியாத யாரோ ஒருவரிடம்தான் தேட வேண்டும்.

அப்படித் தேட ஒரு பதிவேடு வேண்டும் என்று முதலில் போராடியவர் ஒரு தாய். ஷெர்லி நோலன். மகன் ஆண்டனிக்கு நோய் எதிர்ப்பு சக்தியைக் குலைக்கும் ஓர் அபூர்வப் பிறவி நோய். 1974-ல் லண்டனில் அவர் தொடங்கிய பதிவேடுதான் உலகத்தின் முதல் ஸ்டெம் செல் கொடையாளர் பதிவேடு. ஆண்டனிக்குப் பொருத்தமானவர் கிடைக்கவே இல்லை. 1979-ல் ஏழு வயதில் அவன் இறந்துபோனான். அவன் பெயரில் அந்தப் பதிவேடு இன்றும் இயங்குகிறது. இப்போது உலகம் முழுக்க நான்கு கோடிக்கும் அதிகமானவர்கள் இப்படிப் பதிவு செய்திருக்கிறார்கள். சென்னையில் 2009-ல் தொடங்கிய 'தாத்ரி' பதிவேடும் அந்த வலையில் ஒரு கண்ணி.

திசு அடையாளம் பரம்பரையோடு வருவது. டொரன்டோவில் இருக்கும் ஒரு தமிழ்க் குழந்தைக்குப் பொருத்தமானவர், பக்கத்துத் தெரு கனடாக்காரரை விட, மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் வாய்ப்புதான் அதிகம். அதனால் கொடையாளி ஒரு கண்டத்திலும் நோயாளி இன்னொரு கண்டத்திலும் இருப்பது சகஜம். நடுவில் இருக்கும் தூரத்தைக் கடக்கத்தான் கூரியர்.

இதில் நடுங்கவைக்கும் ஒரு கணக்கு உண்டு. புதிய ஸ்டெம் செல் வந்து சேர்வதற்கு முன்பே, நோயாளிக்குக் கடுமையான கீமோதெரபி கொடுத்து, அவருடைய பழைய எலும்பு மஜ்ஜையை அழித்துவிடுவார்கள். பழையதை நீக்கினால்தான் புதியது வேர் பிடிக்கும். அப்படி அழித்த பிறகு, அந்த உடலால் தானாக ரத்தம் உற்பத்தி செய்ய முடியாது. பின்வாங்க வழியில்லை. அந்தப் பை வந்தே ஆக வேண்டும்.

பை எடுத்த நேரத்திலிருந்து பொதுவாக 72 மணி நேரத்துக்குள் நோயாளியின் உடலில் ஏற வேண்டும். எடுக்க, சோதிக்க, ஏற்ற ஆகும் நேரத்தைக் கழித்தால், பயணத்துக்கு மிஞ்சுவது அதைவிடக் குறைவு.

தூங்கினாலும் காலடியில்

கூரியர் முதல் நாளே கொடையாளி இருக்கும் ஊருக்குப் போய்விடுவார். மருத்துவமனையில் பையை வாங்கும்போது, லேபிளில் இருக்கும் அடையாள எண்களை அவரும் அங்குள்ள ஊழியரும் சேர்ந்து வாய்விட்டுப் படித்துச் சரிபார்ப்பார்கள். பெயர் இருக்காது, எண் மட்டும்தான். யார் கொடுத்தார், யாருக்குப் போகிறது என்பது இரு பக்கமும் ரகசியம். கசிந்தால் உறிஞ்சிக்கொள்ளும் துணியோடு இரண்டு உறைகளில் போட்டு, முன்கூட்டியே குளிரவைத்த பெட்டியில் வைப்பார்கள். பெரும்பாலும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். உள்ளே ஒரு சின்னக் கருவி வழி முழுக்க வெப்பநிலையைப் பதிவு செய்துகொண்டே வரும். நம் வீட்டு ஃப்ரிட்ஜில் பால் வைக்கும் அதே குளிர்தான். ஆனால், இங்கே உறைந்துவிட்டாலும் ஆபத்து, சூடானாலும் ஆபத்து.

விமான நிலையத்தில் எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் பெட்டியை அனுப்பக் கூடாது என்பது முன்னெச்சரிக்கை விதி. அதற்கான கடிதத்தைக் காட்டி, கையால் சோதிக்கும்படி பொறுமையாகக் கேட்க வேண்டும். அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொல்லலாம். பையைத் திறக்க விடக் கூடாது. 'கோபப்படாதே, அவசரப்படுத்தாதே, விளக்கிச் சொல்' என்பது பயிற்சியின் முதல் பாடம்.

பெட்டி லக்கேஜில் போகக் கூடாது. கண்ணுக்கு எதிரே, முன் சீட்டின் அடியில், காலுக்கு அருகில் இருக்க வேண்டும். மது கூடாது. தூக்க மாத்திரை கூடாது. "சார், ஒரு நிமிஷம் பார்த்துக்கோங்க" என்று பக்கத்தில் இருப்பவரிடம் விட்டுவிட்டுப் போகக் கூடாது. கழிவறைக்குப் போனாலும் பெட்டி கூடவே போகும். அன்றைய கடைசி விமானத்தை நம்பி டிக்கெட் போட மாட்டார்கள். அது தவறினால் மாற்று இருக்காதே! எப்போதும் இரண்டாவது வழி ஒன்று கையில் இருக்கும்.

இதைச் சம்பளத்துக்குச் செய்பவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களும் செய்கிறார்கள். பலர் பணி ஓய்வு பெற்றவர்கள். பையை ஒப்படைத்து, நேரத்தைக் குறித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அந்த நோயாளி பிழைத்தாரா என்பது பெரும்பாலும் அவர்களுக்குத் தெரியவே வராது.

வானமே மூடியபோது

2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தில் ஓர் எரிமலை வெடித்தது. சாம்பல் மேகம் ஐரோப்பாவை மூட, ஏறக்குறைய ஒரு லட்சம் விமானங்கள் ரத்தாயின. சில நோயாளிகளுக்கு மஜ்ஜையை அழிக்கும் சிகிச்சை ஏற்கெனவே தொடங்கியிருந்தது. கூரியர்கள் திறந்திருந்த விமான நிலையங்களைத் தேடி இறங்கி, அங்கிருந்து ரயிலிலும் காரிலும் நாடு தாண்டி ஓடினார்கள்.

2020 மார்ச்சில் கொரோனா. இந்த முறை வழி மட்டுமல்ல, ஆளும் நுழைய முடியாது. எல்லைகள் மூடின. சிறப்பு அனுமதிக்காகப் பதிவேடுகள் அரசுகளிடம் மன்றாடின. சில விமானங்களில் கூரியர் ஏறாமல், பெட்டியை மட்டும் விமானக் குழுவினர் பொறுப்பில் கொடுத்து, மறுமுனையில் இன்னொருவர் வாங்கிக்கொண்டார். ஸ்டெம் செல்லை உறைய வைத்து முதலில் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, அது வந்த பிறகே நோயாளிக்கு கீமோதெரபி தொடங்குவது என்று பல மருத்துவமனைகள் முறையை மாற்றின. உறைய வைத்து உருக்கினால் கொஞ்சம் செல்கள் வீணாகும்தான். ஆனாலும், வராத பைக்குக் காத்திருப்பதைவிட அது மேல்.

'இலவச டிக்கெட்' என்றால் உஷார்!

இதைப் படித்துவிட்டு, "நல்ல வேலையா இருக்கே, நம்ம பையனுக்குக் கேட்கலாமா?" என்று தோன்றலாம். தாராளமாகக் கேட்கலாம். கூடவே ஓர் எச்சரிக்கை.

'விமான டிக்கெட் இலவசம், ஒரு பார்சலை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும், கை நிறையப் பணம்' என்று வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வரும் அழைப்புகளில் போதைப்பொருள் கும்பல்கள் ஒளிந்திருக்கின்றன. சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் சுத்தமான ஹெராயின் கடத்தியதாகத் தீர்ப்பானால் மரண தண்டனைவரை போகலாம். "எனக்குத் தெரியாமல் வைத்துவிட்டார்கள்" என்பதை நிரூபிக்க வேண்டிய சுமை பயணியின் தலையில்தான். நம் நாட்டுச் சட்டமும் இதில் கடுமையானதுதான்.

உண்மையான நிறுவனமா என்று பார்க்க எளிய வழி உண்டு. எழுத்தில் ஒப்பந்தம் இருக்கும். பொருளுக்கு பில் இருக்கும். பெட்டியைத் திறந்து பார்க்க உங்களுக்கு உரிமை இருக்கும். மிக முக்கியமாக, "சுங்கத்தில் சொல்லு" என்பார்கள். "சொல்லாதே" என்று யார் சொன்னாலும், அந்த இடத்திலேயே திரும்பி வந்துவிடுங்கள். விமான நிலையத்தில் முகம் தெரியாதவர் "எனக்கு எடை கூடிடுச்சு, இந்த ஒரு பையை மட்டும் உங்க கணக்குல போடுங்க தம்பி" என்று கெஞ்சினாலும் இதே பதில்தான். ஊருக்குப் போகும் சொந்தக்காரருக்குக் கொடுத்தனுப்பும் ஊறுகாய் பாட்டிலாக இருந்தாலும், நம் கையால் பிரித்துப் பார்த்து, நாமே கட்டி வைப்பதுதான் நல்லது.

டிக்கெட் வாங்காமலே...

கூரியர் எவ்வளவு வேகமாக ஓடினாலும், கொடுக்க ஒருவர் இருந்தால்தான் பெட்டிக்குள் ஏதாவது இருக்கும். 18 வயது நிரம்பிய, 50 வயதுக்கு உட்பட்ட, ஆரோக்கியமான யாரும் தாத்ரி போன்ற பதிவேட்டில் சேரலாம். கன்னத்தின் உள்பக்கத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்துக் கொடுத்தால் போதும். பொருந்தும் நோயாளி என்றைக்காவது கிடைத்தால் அழைப்பார்கள். கிடைக்காமலே போகலாம். கிடைத்தால், பெரும்பாலும் சில நாள்கள் ஊசி போட்டுக்கொண்டு, சில மணி நேரம் ஒரு நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும். ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குப் போய், ஸ்டெம் செல்லைப் பிரித்துவிட்டு, மறு கை வழியாகத் திரும்பி வரும். அந்த நாள்களில் உடம்பு வலி, தலைவலி இருக்கலாம். பொதுவாகச் சில நாள்களில் சரியாகிவிடும். கொடுத்த செல்களை உடம்பே திரும்ப உற்பத்தி செய்துகொள்ளும்.

ஒரு விஷயம் மட்டும் யோசித்துவிட்டுச் சேர வேண்டும். பொருந்திவிட்டது என்று அழைப்பு வந்து, சம்மதம் சொல்லி, அந்தப் பக்கம் நோயாளியின் மஜ்ஜையை அழித்த பிறகு "வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்" என்று பின்வாங்கினால், அந்த உயிருக்கு வேறு வழி கிடைப்பது மிகக் கடினம். அதனால் பெயர் கொடுப்பதற்கு முன்பே அம்மா, அப்பா, கணவர், மனைவி எல்லோரிடமும் உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. சந்தேகம் இருந்தால் கேளுங்கள். பயம் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். பேசித் தெளிந்த பிறகு பதிவு செய்யுங்கள்.